வெள்ளிடைமலை

டொருன் நகரில் பிப்ரவரி.
விஸ்துலா பாதி உறைந்து, பாதி முனகிக்கொண்டு.
மணிக்கு முப்பத்தைந்து ஸ்வோத்தி எனக்குக் கூலி.
பழைய கணிதக் கட்டுரைகளின் வாக்கியங்களுக்கு
நிறம் பூசுவது வேலை.
வரையறைக்கு நீலம், தேற்றத்துக்குச் சிவப்பு,
நிறுவலுக்குப் பச்சை,
'எனக் கொள்க' என்று தொடங்கும் எல்லாவற்றுக்கும் மஞ்சள்.
நான் பூசுவதைப் பார்த்து இயந்திரம் பூசப் பழகும்.
எழுபது ஆண்டுத் தாள்களில்
எது எதன் தோளில் ஏறி நிற்கிறதென்று
பிறகு அது ஒரு வலை பின்னும்.

முதல் வாரம் அது நேராக மருத்துவமனைக்குப் போய்விட்டது.
கூட்ட, கழிக்க, பெருக்க, வகுக்க
இடம் தரும் அமைப்புக்கு எங்கள் மொழியில்
'உடல்' என்று பெயர்.
'முடிவுள்ள உடல்' என்று படித்ததும்
இறப்புச் சான்றிதழோடு சேர்த்தது.
வளையத்தை நகைக்கடையில் வைத்தது.
கட்டுரை எழுதிய கசிமீரா வ்ரோனாவை
(வ்ரோனா என்றால் காகம்)
பறவை என்று குறித்து,
தொண்ணூற்றேழு விழுக்காடு உறுதி என்றது.
டோப்ரோஸ்வாவா சிரித்துக் காபியைக் கொட்டினாள்.
நான் காகத்தை மனுஷியாக்கினேன்.

கணிதர்கள் மலையைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.
'வெளிப்படை' என்று ஒரு சொல் போட்டு
அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள்.
அந்தச் சொல்லுக்கு எங்களிடம் நிறம் கிடையாது.
கையேடு, பக்கம் பதினான்கு:
பொருளற்ற அலங்காரம், விட்டுவிடுக.
முந்நூற்றுப் பன்னிரண்டு மலைகளை விட்டுவிட்டு வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு. துணைத்தேற்றம் ஏழு.
'இது வெளிப்படை ஏன்'
என்று வாசித்திருந்தது இயந்திரம்.
ஸ்கேன் செய்த பக்கத்தைத் திறந்தேன்.
ஓரத்தில், பென்சிலில், தாள் கிழியும் அழுத்தத்தில்,
யாரோ எழுதிய 'ஏன்?'
நூலகத்தின் ஊதா முத்திரைக்குக் கீழே, பெயர் இல்லாமல்.
அச்சு மைக்கும் கரிக்கோட்டுக்கும் பேதம் தெரியாத இயந்திரம்
இரண்டையும் ஒரே வாக்கியமாக விழுங்கியிருந்தது.
வலையில் 'ஏன்' ஒரு தனி முடிச்சு.
உள்ளே வரும் இழை இல்லை, வெளியே போகும் இழை இல்லை.

"அழுக்கு அது, நீக்கு"
என்றாள் டோப்ரோஸ்வாவா.
சொன்னவள், அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.
எழுந்துபோய்ச் சாக்கட்டி எடுத்தாள்.

மூன்று பிற்பகல்.
கசிமீரா ஓரிடத்தில் இரண்டால் வகுத்திருந்தாள்.
இரண்டே பூஜ்யமாகிப்போகிற உடல்களும் உண்டு.
அங்கே மலை இல்லை, மூட்டம்தான்.
நாற்பத்தொரு கட்டுரைகள் அந்த ஏழின்மேல் ஏறியிருந்தன.
பெரும்பாலானவை ஒரு நிபந்தனை சேர்த்தால் நிற்கும்.
இரண்டு நிற்காது.
அந்த இரண்டையும் எழுதியவர்களுக்கு
எப்படிக் கடிதம் எழுதுவதென்று தெரியாமல்
டிராம் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம்.
ஒருவர் ஏற்கெனவே இறந்திருந்தார்.

முடிச்சை நான் நீக்கவில்லை.
'ஏன்' என்பதிலிருந்து 'வெளிப்படை'க்கு ஓர் இழை இழுத்தேன்.
நிறம் கேட்டது. பட்டியலில் மிச்சமிருந்தது சாம்பல்.
அன்றிரவே, விட்டுவந்த முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும் போய்
ஒவ்வொன்றாக அதே சாம்பலைப் பூசினேன்.
அந்த மணிகளைக் கூலிக் கணக்கில் எழுதவில்லை.

ஏப்ரலில் இயந்திரத்தை மறுபடி பழக்கினார்கள்.
அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை,
யாரும் பென்சில் வைக்காத ஒரு சுத்தமான பக்கத்தில்,
'வெளிப்படை'க்கு அருகே அதுவாகவே குறித்திருந்தது:
ஏன். அறுபத்தொரு விழுக்காடு.

டோப்ரோஸ்வாவா மேலங்கியைக் கழற்றிப் போட்டாள்.
இருட்டும்வரை சரிபார்த்தோம்.

அந்த இடத்தில் அது உண்மையிலேயே வெளிப்படைதான்.
இரண்டே வரி.
பச்சை பூசிவிட்டு,
பசியோடு வீட்டுக்குப் போனோம்.